வியாழக்கிழமை எங்கள் முறை

தம்பி,

வாயால் சொல்ல எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும். முதியோர் இல்லத்தில் பதினைந்து வருடமாக வேலை செய்கிறேன். இடைவேளை அறையில் நான் சேர்ந்தாற்போல் மூன்று வசனம் பேசி அங்கே யாரும் கேட்டதில்லை. அதனால் எழுதுகிறேன். நீ பாசலுக்குச் சிநேகிதர்களிடம் விடைபெறப் போயிருக்கிறாய். உன் பெட்டி கட்டிலில் பாதி அடுக்கியபடி திறந்து கிடக்கிறது. வருகிற வியாழக்கிழமை நீ அமெரிக்காவுக்குப் பறக்கிறாய். ஒரு வருடம் அரசியல் படிக்க, அதுவும் அவர்களுடைய தேர்தல் காலத்தில். பத்து வயதிலிருந்து நீ ஆசைப்பட்டது. அந்த ஆசையை உனக்கு ஊட்டியவள் உன் அம்மா நான்தான். ஆனால் இது வாழ்த்துக் கடிதம் இல்லை. வாழ்த்தை அப்பா சொல்லுவார், அவருக்கு அது நன்றாக வரும்.

நேற்றுக் காலை பிரிண்டரில் நீ மறந்துவிட்டுப் போன தாள்களைப் பார்த்தேன். அங்கே இடம் கேட்டு நீ எழுதிய கட்டுரை. அமெரிக்கக் குடிவரவுச் சட்டம் ஏன் இறுக்கமாக இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். ஆங்கிலம் நன்றாக இருக்கிறது, என்னுடையதைவிட எவ்வளவோ மேல். இரண்டாவது பக்கத்தில் உன் மாமா வருகிறார். அகதி என்று அந்த நாட்டின் கதவைத் தட்டிய மாமாவுக்காகக் கடிதம் எழுதியபோதும், எங்களுக்கு நோகும் என்று தெரிந்தும், என் குடும்பம் முழு உண்மையையும் சொன்னது என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பந்தியால்தான் உனக்கு இடம் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். எழுதத் தெரிந்தவன் நீ. ஆனால் எங்களுக்கு என்ன நொந்தது, தம்பி? கடிதம் அனுப்பிய அந்தக் கிழமை நீ சோதனையில் பாஸ் பண்ணினாய், நான் திரைச்சீலை மாற்றினேன். நொந்தது எங்களுக்கு இல்லை. முழு உண்மை என்பதும் சரியில்லை. அது உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எனக்கு இந்த அரசியல் எங்கிருந்து வந்தது என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. எங்கள் பரம்பரையில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். என் ஐயா சைக்கிள் திருத்தியவர், அம்மா கையெழுத்துக்குப் பெருவிரல் வைத்தவர். ஊரில் பொருளியல் படித்துவிட்டு, சுவிஸில் இந்த ஓல்டனில் கிழவிகளுக்குக் காலுறை மாட்டிவிடும் வேலைக்கு வந்தேன். நான் படித்தவள் என்பதற்கு என்னிடம் மிச்சமிருந்தது ஆங்கிலம் மட்டும். அது துருப்பிடித்துவிடும் என்று பயந்து, இஸ்திரி போடும்போது ஒரு அமெரிக்க வானொலிக்காரரைக் கேட்கத் தொடங்கினேன். அவருடைய கொள்கைக்காக இல்லை. நிறுத்தி நிதானமாகப் பேசுவார், ஒவ்வொரு சொல்லும் விளங்கும். எல்லை, வரி, குடும்பம், அரசாங்கம் வீட்டுக்குள் மூக்கை நுழைப்பது, வரிசையில் நிற்காமல் உள்ளே வருகிறவர்கள். மொழிக்காகக் கேட்க ஆரம்பித்தவள் ஒரு வருடத்தில் தலையாட்டிக்கொண்டு கேட்டேன். ஏனென்றால் அவர் சொன்னது எனக்குப் பொருந்தியது. நான் வரிசையில் நின்று வந்தவள். கலியாணப் பதிவு, மொழிபெயர்ப்பு, தூதரகத்தில் மூன்று நேர்முகம், கொழும்பில் ஒரு அறைக்குள் பதினான்கு மாதம். அப்பா அப்படி வந்தவரில்லை. கடவுச்சீட்டைக் கிழித்து விமானத்தின் கழிவறையில் போட்டுவிட்டு வந்து, ஒன்பது வருடம் தற்காலிக அட்டையோடு இருந்தவர். சண்டை வரும்போதெல்லாம் நான் அவருக்குச் சொல்லும் வசனம் ஒன்று உண்டு. "நான் பேப்பரோட வந்தனான்." நீ அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தாய்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளை நீ மறந்திருக்க மாட்டாய். பாணும் சம்பலும் மேசையில் இருக்க, அந்தக் கிழமை அங்கே நடந்த விவாதத்தை நீயும் நானும் பார்ப்போம். யார் சரியாகச் சொன்னார், யார் சறுக்கினார் என்று நீ எங்கள் கட்டடத்தின் பழைய சலவை அட்டவணை ஒன்றின் பின்பக்கத்தில் புள்ளி போடுவாய். வெளியில் வாய் திறக்காத நான் அந்த மேசையில் மட்டும் குரல் உயர்த்திப் பேசுவேன். துப்பாக்கி விஷயத்தில் மட்டும் நாங்கள் ஒத்துப்போகவில்லை. மற்ற எல்லாவற்றிலும் நீ என் பக்கம். அப்பா வேலை உடுப்போடு வந்து நின்று பார்ப்பார், ரயில் பெட்டிகள் கழுவுகிறவருக்கு ஞாயிறு ஏது. "இஞ்சேரும், ஓல்டனில இருந்து வோட்டுப் போடலாமெண்டா அங்க எப்பவோ ஆட்சி மாறியிருக்கும்" என்று சிரித்துவிட்டுப் போவார். குடியுரிமை நேர்முகத்தில் இந்த நாட்டின் ஏழு அமைச்சர்களின் பெயரைக் கேட்டார்கள். எனக்கு ஐந்துக்கு மேல் வரவில்லை. எந்த அமெரிக்க மாநிலம் எந்தப் பக்கம் சாயும் என்று கேட்டிருந்தால் ஐம்பதையும் சொல்லியிருப்பேன். வெளியே வந்ததும் அப்பா, "அடுத்த முறை அங்க போய் மனுப்போடும்" என்றார். அந்தக் காலத்தில் அவர் நிறையப் பகிடி விட்டார்.

உனக்குப் பன்னிரண்டு வயதில் எல்லைச் சட்டத்தை நான் சலவை அறையை வைத்துத்தான் விளக்கினேன். எங்கள் கட்டடத்தில் ஒன்பது வீடு, நிலவறையில் ஒரே மெஷின், சுவரில் அட்டவணை. வியாழக்கிழமை எங்கள் முறை. நம் வியாழக்கிழமையில் வேறு ஒருவர் வந்து தன் உடுப்பைப் போட்டால் அவர் கெட்டவரா என்று கேட்டாய். கெட்டவராக இருக்கத் தேவையில்லை, அவருக்கு அவசரம் இருக்கலாம், ஆனால் முறை முறைதான், இல்லாவிட்டால் அட்டவணை எதற்கு என்றேன். அது நல்ல பதில். இன்றைக்கும் அதை நான் மாற்ற மாட்டேன். ஆனால் அடுத்த மாதமே ஒரு வியாழக்கிழமை நாங்கள் கூடையோடு கீழே இறங்கியபோது மெஷினுக்குள் மூன்றாம் மாடி எரித்திரியப் பெண்ணின் உடுப்புகள் இருந்தன. நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் தலையாட்டினேன். நீ ஈர உடுப்புகளை அள்ளிச் சிமெந்துத் தரையில் போட்டாய். குழந்தைச் சட்டைகள், போர்வை. அவள் ஓடி வந்து, பிள்ளைக்கு இரவெல்லாம் வாந்தி என்று உடைந்த ஜெர்மனில் சொல்லி மூன்று முறை மன்னிப்புக் கேட்டாள். கூச்சக்காரி நான், சுவரில் இருந்த அட்டவணையில் விரலை வைத்துக் காட்டினேன். மேலே ஏறும்போது உன் தோளில் தட்டினேன். அந்தத் தட்டு உனக்கு நான் சொன்ன எல்லா விளக்கத்தையும்விட நன்றாக விளங்கியது என்று இப்போது நினைக்கிறேன். விதியைச் சொல்லிக்கொடுத்தேன் என்று நம்பினேன். ஈரத் துணியைத் தரையில் போடுவதன் சுகத்தைத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

மாமாவைப் பற்றி உனக்குத் தெரிந்தது கொஞ்சம். என் ஒரே தம்பி, என்னைவிட ஆறு வயது இளையவன். படிப்பு ஏறவில்லை, ஆனால் படம் எடுப்பான். இராணுவம் பிடித்த காணியைத் திருப்பிக் கேட்டுச் சனம் வீதியில் இருந்தபோது எடுத்துப் போட்ட படங்களால் அவன் பெயர் சில இடங்களுக்குப் போனது. அம்மா செத்தபோது நான் தனியாக ஊருக்குப் போனேன் அல்லவா, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மூன்றாம் நாள் இரண்டு மோட்டார் சைக்கிளில் சாதாரண உடுப்பில் நாலு பேர் வந்து, கதைக்க வேண்டும் என்று சொல்லி அவனைக் கூட்டிப்போனார்கள். நாலு நாள் கழித்துத் திரும்பி வந்தான். அதன்பின் அவனால் வலது கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியவில்லை. ஒரு வருடத்தில் அவன் நாட்டைவிட்டு வெளிக்கிட்டு, பல நாடு கடந்து, அமெரிக்காவின் தெற்கு எல்லையில் போய் நின்றான். என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் என்ன சொல்லுவேன் என்று அவனுக்குத் தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, அங்கே இடைக்காலத் தேர்தல் நடந்த நேரத்தில், அவன் தடுப்பு முகாமிலிருந்து வீடியோவில் அழைத்தான். தலை மொட்டை, சுவர் பச்சை. விசாரணைக்கு ஒரு சாட்சிக் கடிதம் வேண்டும் என்று அவனுடைய வழக்கறிஞர், ஒரு பெண்மணி, கேட்டிருக்கிறார். அவனைக் கொண்டுபோனதை நேரில் பார்த்தவள் நான் ஒருத்திதான். எங்கள் சனத்தில் இது வழமை. வெளிநாட்டில் விசாரணை என்றால் ஊரிலிருந்தும் உறவிலிருந்தும் கடிதம் சேர்ப்பார்கள், குடும்பத்தில் ஆங்கிலம் தெரிந்த ஒருவர் எழுதுவார். "நீ எழுதினா சரியா இருக்குமக்கா. நீ படிச்சனி" என்றான். அப்போது நீ என் பின்னால் பாணில் பட்டர் பூசிக்கொண்டு நின்றாய். உனக்குப் பதினெட்டு வயது. என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "மாமா, இது உங்கட வியாழக்கிழமை இல்லை" என்றாய். அவன் சிரித்தபடி, "என்னக்கா சொல்லுறான் மருமகன்?" என்று கேட்டான். "ஒண்டுமில்லை, பகிடி" என்றேன். எனக்குச் சிரிப்பு வந்தது. அதை நான் அடக்கவில்லை.

கடிதத்தை நான் மூன்று நாள் எழுதினேன். பல்கலைக்கழகத்துக்குப் பிறகு எனக்கு யாரும் தந்த முதல் எழுத்து வேலை அது. ஒரு பக்கம், மறுபக்கம் என்று இரண்டையும் நிறுத்துப் பார்த்து எழுதப் பழக்கியிருந்தார்கள். அப்படியே எழுதினேன். நாலு பேர் வந்தார்கள், அவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது. நாலு நாளில் திரும்பி வந்தான். கடைசியில் ஒரு வசனம் சேர்த்தேன், என் தம்பி பல வருடங்களாகவே வெளிநாடு போய் உழைக்க வேண்டும் என்று சொல்லி வந்தவன் என்று. நீதான் டைப் பண்ணினாய். "இது கட்டாயம் இருக்கவேணும் அம்மா. உண்மைதானே" என்றாய். உண்மைதான். வழக்கறிஞர் மின்னஞ்சலில் மரியாதையாகக் கேட்டார், கண்ணால் கண்டதை மட்டும்தான் சட்டம் உங்களிடம் கேட்கிறது, அந்தக் கடைசி வசனத்தை எடுக்க முடியுமா என்று. என் தாய் தன் சொல்லில் நிற்கிறார் என்று நீ பதில் எழுதினாய். அன்றைக்கு அப்பா மேசைக்கு வந்து, என் முன்னால் இருந்து, "இஞ்சேரும், அந்த ஒரு வரியை எடுத்துவிடும். அவன் உம்மட தம்பி" என்றார். அதற்கு முன் அவர் எந்த விவாதத்திலும் எங்களோடு உட்கார்ந்ததில்லை. நான் சொன்னேன், "பொய் சொல்லி வந்த ஆக்களுக்கு அது லேசு." நீ சிரித்தாய். அப்பா எழுந்து ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார், அன்று அவருக்கு வேலை இல்லாத நாள். அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றதில்லை. நீ அதைக் கவனித்தாயோ தெரியாது. நான் கவனித்தேன். கவனிப்பதுதான் எனக்கு நன்றாக வரும்.

விசாரணையில் நீதிபதி அந்த வசனத்தை வாசித்து, உன் சொந்தச் சகோதரியே சொல்கிறாரே என்று கேட்டாராம். மாமா, "ஓம், சொன்னனான். எல்லாரும் சொல்லுறதுதானே" என்று சொன்னானாம். ஏழு மாதத்தில் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். இப்போது ஊரில் எங்கள் வீட்டில் அவன் இருப்பதில்லை. ஒரு சிநேகிதனின் வெல்டிங் கடைக்குப் பின்னால் ஒரு அறை, சில மாதம் வேறு ஊர். அவன் எங்கே இருக்கிறான் என்று நான் கேட்பதில்லை, அவன் சொல்வதும் இல்லை. அந்த நீதிபதியை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த நாட்டின் சட்டத்தையும் சொல்ல மாட்டேன். என்ன பார்த்தாய் என்று சட்டம் கேட்டது, நான் கொடுத்ததை அவர் வாசித்தார்.

இனி நீ கட்டுரையில் எழுதாதது. அன்று ஊரில், அந்த மோட்டார் சைக்கிள்காரர் மாமாவைத் திருப்பிக் கொண்டுவந்து விட்ட பின்னேரம், நாலு பேரில் ஒருவன் வாசல் கேற்றடியில் நின்று மாமாவின் அடையாள அட்டையை என் கையில் தந்தான். நல்ல தமிழில், குரலைத் தாழ்த்தி, "அக்கா, இவரை எங்கயாவது வெளியால அனுப்பிவிடுங்கோ. அடுத்தமுறை திருப்பிக் கொண்டுவந்து விடமாட்டினம்" என்றான். என் காதால் கேட்டது. உள்ளே போய் மாமாவின் சட்டையைக் கழற்றி வெந்நீரில் துணி நனைத்து முதுகைத் துடைத்ததும் நான்தான். அந்த முதுகை நான் உனக்கு விவரிக்கப் போவதில்லை. இந்த இரண்டையும் நான் அந்தக் கடிதத்தில் எழுதவில்லை. கண்டதும் கேட்டதும் இரண்டும் அவைதான், சட்டம் கேட்டதும் அவைதான். உணர்ச்சிவசப்பட்டதாகத் தெரியக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது காரணம் இல்லை. நான் பதினான்கு மாதம் ஒரு அறைக்குள் கிடந்து வந்தேன், இவன் ஒரு வேலியைத் தாண்டி வந்து என்னிடமே கையெழுத்துக் கேட்கிறான் என்ற எரிச்சல். நான் படித்ததற்கு ஊரில் யாரும் கைதட்டவில்லை, அவன் எடுத்த படத்துக்கு ஊரே அவனைத் தெரிந்துவைத்திருந்தது என்ற எரிச்சல். அவனைக் காப்பாற்றக்கூடிய உண்மையை விட்டுவிட்டு, அவனைக் கவிழ்க்கக்கூடிய உண்மையைப் போட்டேன். அதற்கு நேர்மை என்று பெயர் வைத்து, உன் கையால் டைப் பண்ண வைத்தேன். நீ அதை நம்பி, அதையே சொல்லி ஒரு இடமும் வாங்கிவிட்டாய்.

உன் கருத்தை மாற்று என்று நான் சொல்லவில்லை. நாட்டுக்கு எல்லை வேண்டும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஒழுங்காக வந்தவனை ஒழுங்கில்லாமல் வந்தவன் முந்தக்கூடாது. உழைத்தவன் வீட்டில் அரசாங்கம் கொஞ்சமாகத்தான் கை வைக்க வேண்டும். எனக்கு வாக்கு இருந்தால் அந்த நாட்டில் இந்தத் தேர்தலிலும் அந்தப் பக்கம்தான் போட்டிருப்பேன். அதைப் பற்றி நீ அங்கே யாரோடும் வாதாடு, வெல்லு, எனக்குச் சந்தோஷம். ஆனால் மாமாவின் கதையை அங்கே ஒரு வகுப்பிலும் ஒரு கூட்டத்திலும் எடுக்காதே. உன்னைப் பார்த்து அவர்கள் கைதட்டுவார்கள், அகதியின் மகனே சொல்கிறான் என்று இன்னும் பலமாகத் தட்டுவார்கள். அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், சலவை அறைப் படிக்கட்டில் நான் உன் தோளில் தட்டிய சத்தம்தான் அது. இன்னொன்று. நீ கடவுச்சீட்டைக் காட்டி நேராக உள்ளே போகும்போது, அதை வாங்கித் தந்தது யார் என்று யோசி. வரிசையில் நின்ற நான் இல்லை. கடவுச்சீட்டைக் கிழித்தவர் இங்கே வந்து நின்றதால்தான் என்னைக் கூப்பிட ஒரு ஆள் இருந்தது, எனக்கு நிற்க ஒரு வரிசையும் இருந்தது. இதை நான் அவருக்கு இன்னும் சொல்லவில்லை. உனக்கு எழுதி முடித்தபின் சொல்லலாம் என்று இருக்கிறேன். எனக்கு வாயால் வராவிட்டால் நீ சொல்லு.

நேற்று உன் கட்டுரையை வாசித்துவிட்டு முதலில் மாமாவுக்குத்தான் எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். நான் விட்டது, போட்டது, எடுக்கச் சொல்லி வழக்கறிஞர் கேட்டது, உன் வியாழக்கிழமைப் பகிடியின் அர்த்தம். ஒரு சொல்லும் குறைக்கவில்லை. இன்று மத்தியானம் அவனிடமிருந்து குரல் பதிவு வந்தது. கை வலியால் அவன் இப்போது எழுதுவதில்லை. பின்னால் வெல்டிங் சத்தம். "எனக்குத் தெரியுமக்கா" என்றான். "எடுக்கச் சொல்லி உன்னட்டக் கேட்டதெண்டு லோயர் அம்மா அப்பவே சொன்னவா. அந்தக் கடிதமே வேண்டாமெண்டும் சொன்னவா. அக்கா எழுதினது, அப்பிடியே குடுங்கோ எண்டு நான்தான் சொன்னனான்." பிறகு உன்னைப் பற்றிக் கேட்டான். அங்கே கட்டடங்களுக்குள் சரியான குளிர், நல்ல தடித்த சொக்ஸ் வைத்துவிடச் சொன்னான். நான் மூன்று சோடி உன் பெட்டியில் வைத்திருக்கிறேன், எடுத்து வெளியே போடாதே. நீ எப்போது பறக்கிறாய் என்று என் செய்தியில் எழுதியிருந்தேன். கடைசியாக அதைப் பற்றிச் சொன்னான்.

"வியாழக்கிழமையோ? நல்லது. அப்ப அது மருமகன்ர நாள்தான். போகட்டும்."

அம்மா